காரணம் சொல்ல மூன்று வருடம்

அமெரிக்க விசா மறுக்கப்பட்டால் கோர்ட்டுக்குப் போகலாமே என்று பலர் நினைக்கிறார்கள். அநேகமாக முடியாது. தூதரக அதிகாரியின் முடிவில் நீதிமன்றம் தலையிடாது என்பது அங்கே நெடுங்காலமாக இருக்கும் கொள்கை. குடிமகன் ஒருவரின் உரிமை பாதிக்கப்பட்டால் மட்டும் ஒரு சின்ன சந்து உண்டு. அங்கேயும், பார்வைக்கு நியாயமான ஒரு காரணம் இருந்தாலே போதும், அதைத் தோண்டிப் பார்க்க மாட்டோம் என்று 1972-ல் மாண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2024 ஜூனில் அதே உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த முனியோஸ் தீர்ப்பைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. வழக்குப் போட்ட மனைவி முனியோஸ் அமெரிக்கக் குடிமகள், வழக்கறிஞர். கணவர் எல் சால்வடார்காரர், குற்றப் பதிவு எதுவும் இல்லாதவர். 2010-ல் கல்யாணம், ஒரு குழந்தை. குடியேற்ற விசாவுக்காக அவர் சொந்த ஊர் போனார். 2015 டிசம்பரில் மறுத்தார்கள். கையில் கிடைத்தது ஒரு சட்டப்பிரிவு எண் மட்டும். அந்தப் பிரிவு சொல்வது, 'வேறு ஏதேனும் சட்டவிரோதச் செயல்' செய்ய வருகிறார் என்று. எந்தச் செயல்?

அவர் உடம்பில் பச்சை குத்தியிருந்தார். மெக்சிகோவில் வணங்கும் குவாதலூப்பே மாதா, மனோதத்துவ மேதை சிக்மண்ட் ஃப்ராய்டின் முகம், நாடக முகமூடிகள். இதற்கும் எந்தக் குற்றக் கும்பலுக்கும் சம்பந்தமில்லை என்று நிபுணர் ஒருவர் எழுதிக் கொடுத்தும் பலனில்லை. வழக்குப் போட்ட பிறகு, 2018-ல்தான் அரசு வாயைத் திறந்தது: நேர்காணல், பின்னணி விசாரணை, பச்சை மூன்றையும் வைத்து எம்எஸ்-13 கும்பலைச் சேர்ந்தவர் என்று முடிவு செய்தோம்.

யாரை உள்ளே விடுவது என்பது அந்த நாட்டின் உரிமை, சரி. நீதிபதியே விசா கொடுக்கட்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு குடும்பத்தைப் பிரிக்கும்போது இன்ன காரணம் என்று சொல்லுங்கள், அதற்குப் பதில் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். வாடகைத் தகராறுக்குக்கூட இது கிடைக்கிறதே!

நீதிபதி பாரெட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, வெளிநாட்டவரான கணவரை நாட்டுக்குள் அழைத்துவருவது குடிமகளின் அடிப்படை உரிமை அல்ல என்றது. நீதிபதி சோட்டோமேயோர் உட்பட மூவர் இதற்கு உடன்படவில்லை. காரணம்தான் இப்போது தெரிந்துவிட்டதே, உரிமை பற்றித் தீர்ப்புச் சொல்லாமல் இந்த வழக்கை அதோடு முடித்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். அப்படி முடித்திருந்தாலே நன்றாக இருந்திருக்கும். அந்தக் காரணம் வெளியே வந்ததே வழக்குப் போட்டதால்தான். இனி இதே உரிமையைச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகும் மனைவிக்கு அந்த ஒரு வரிப் பதில்கூடக் கிடைக்காது.