கோல்டன் ஸ்டேட் கில்லர் வழக்கு: வம்சாவளித் தளம் காட்டியது உறவினர்களைத்தான்

"கலிபோர்னியாவின் கோல்டன் ஸ்டேட் கில்லரை ஒரு வம்சாவளித் தளமே பெயரோடு காட்டிக்கொடுத்தது, போலீஸ் போய்க் கைது செய்தது" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்கிறார்கள். நடந்தது அப்படி இல்லை. (கோல்டன் ஸ்டேட் கில்லர் என்பது 1970, 80களில் கலிபோர்னியாவில் பல கொலைகளும் பாலியல் வன்கொடுமைகளும் செய்தவருக்கு வைத்த பெயர்.)

பழைய குற்ற இடத்து டிஎன்ஏவை, மக்கள் தங்கள் டிஎன்ஏ விவரத்தை ஏற்றி உறவினர்களைத் தேடும் ஜெட்மேட்ச் (GEDmatch) என்ற வம்சாவளித் தளத்தில் ஏற்றியபோது கிடைத்தவர்கள் தூரத்து உறவினர்கள். அவர்களுடைய பொது மூதாதையர் வரை பின்னோக்கிப் போய், அங்கிருந்து கிளை கிளையாக இறங்கி, வயதையும் வாழ்ந்த ஊரையும் வைத்துப் பலரைக் கழித்த பிறகே ஜோசப் டிஏஞ்சலோ என்ற பெயர் வந்தது. அதுவும் துப்பு மட்டும்தான். 2018 ஏப்ரலில் அவருடைய கார்க் கதவின் கைப்பிடியைத் துடைத்து மாதிரி எடுத்தார்கள். அப்புறம் வீட்டுக்கு வெளியே இருந்த குப்பைத்தொட்டியிலிருந்து ஒரு டிஷ்யூ தாள். இவை குற்ற இடத்து டிஎன்ஏவோடு நேரடியாகப் பொருந்திய பிறகே கைது.

இந்த வேறுபாடு சின்ன விஷயமில்லை. இதே வழக்கில் 2017இல் வம்சாவளித் தேடல் ஒன்று ஒரிகானில் முதியோர் இல்லத்தில் இருந்த ஒருவரைச் சுட்டியது. அவருடைய மாதிரியைச் சோதித்ததும் அவர் இல்லை என்று தெளிவானது. நேரடிச் சோதனைதான் அவரைக் காப்பாற்றியது.

சரிபார்க்க விரும்புவோர் டிஏஞ்சலோவின் கைது வாரண்டுக்கான பிரமாணப் பத்திரத்தைப் படிக்கலாம். 2018 ஜூனில் அது பொதுவில் வெளியானது. அமெரிக்க நீதித் துறை 2019இல் வெளியிட்ட இடைக்காலக் கொள்கையும் அந்தத் துறையின் தளத்திலேயே இருக்கிறது. வம்சாவளிப் பொருத்தத்தை மட்டும் வைத்து யாரையும் கைது செய்யக் கூடாது என்று அதில் நேராகவே எழுதியிருக்கிறது.