வேலையின்மையும் ஆள் பற்றாக்குறையும் ஒருசேர இருக்கும்
"இத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கும்போது ஆள் பற்றாக்குறை என்பது முதலாளிகள் கட்டும் கதை" என்பது பாதிதான் சரி. வெல்டிங்கையே எடுங்கள். தட்டையான தகட்டில் மட்டும் பற்றவைத்துப் பழகியவரை, 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும் குழாயைச் சுற்றிப் பற்றவைக்கும் 6ஜி தேர்வுக்கு அனுப்பினால், முதல் அடுக்கிலேயே உருகிய உலோகம் இணைப்பின் அடிவரை ஊடுருவாமல், பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் சோதனையில் பெரும்பாலும் தோற்பார். அதற்குப் பல மாதப் பயிற்சி வேண்டும். கூலியை உயர்த்தினால் பக்கத்து ஆலையின் வெல்டர் இங்கே வருவார், அங்கே இடம் காலியாகும்.

ஆனால் தகுதியுள்ளவர்கள் வந்து பார்த்துவிட்டு மறுத்தால் அது திறன் பற்றாக்குறையே அல்ல. சம்பளமோ, இரவுப்பணியோ, பேருந்து இல்லாததோதான் காரணம். அங்கே பயிற்சி மையம் திறப்பது பண விரயம். விண்ணப்பித்தோர், தகுதி பெற்றோர், மறுத்தோர், சேர்ந்த 3 மாதத்துக்குள் விலகியோர் என்று ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியே முதலாளிகளிடம் கணக்குக் கேளுங்கள்.