ரிக்கெற் கிழிப்பவரை வாசலில் இருந்து எடுக்காதீர்கள், பத்து அடி முன்னால் நிறுத்துங்கள்

உதைபந்தாட்ட அரங்குகளில் ரிக்கெற்றைக் கிழித்து உள்ளே விட்ட காலம் போய்க்கொண்டிருக்கிறது. பார்வையாளரே தன் கியூஆர் குறியைக் கருவிக்குக் காட்டி, இரும்புக் கையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறார். இந்த முறை திருகோணமலைக்கும் வரவேண்டும் என்பது என் கருத்து. மெக்கெய்சர் அரங்கில் ஒரு பெரிய இறுதியாட்டம் என்றால் நகரத்துச் சனத்தோடு கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கச் சனமும் சேரும். அந்த நேரத்தில் உள்ளே எத்தனை பேர் என்று அடிக்கட்டைப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடிக்கட்டையை ஆட்டம் முடிந்த பிறகுதான் எண்ணுவோம், அதில் தெரிவது வருமானம். நெரிசல் வரும்போது தேவைப்படுவது தலைக்கணக்கு. ஸ்கான் கருவியின் பெரிய நன்மை இதுதான். ஆள் குறையும், சம்பளம் மிச்சம் என்று நினைத்து இதை வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்.

கருவி ஒரு குறியைப் படிக்க அரைச் செக்கன்கூட எடுக்காது. மிச்ச நேரம் எல்லாம் மனிதருக்குப் போகிறது. பொக்கற்றில் இருந்து போனை எடுக்க வேண்டும், பூட்டைத் திறக்க வேண்டும், வட்ஸ்அப்பில் வந்த படத்தைத் தேட வேண்டும், வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். அதற்குப் பிறகு போனைக் கண்ணாடியில் ஒட்டி அழுத்துவார்கள். அப்படி ஒட்டினால் குறி முழுதாகக் கமராவின் பார்வைக்குள் விழாது. அரைச் சாண் தள்ளிப் பிடித்தால் உடனே படிக்கும். இதைத் தெரியாதவர் ஒருவர் வரிசையில் நின்றாலே பின்னால் இருபது பேர் காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால்தான் சொல்கிறேன், ரிக்கெற் கிழித்தவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அவரைக் கருவிக்குப் பத்து அடி முன்னால் நிறுத்துங்கள். "படத்தைத் திறந்து வையுங்கோ, வெளிச்சத்தைக் கூட்டுங்கோ, அரைச் சாண் தள்ளிக் காட்டுங்கோ" என்று இந்த மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிக்கொண்டே இருப்பது அவருடைய வேலை. வரிசை ஓடுவதும் தேங்குவதும் அவர் கையில்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 5,000 பேர் வரும் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். நம் சனம் கடைசி நேரத்தில்தான் வரும், ஆகவே 3,500 பேர் கடைசி 45 நிமிடத்துக்குள் வந்து நிற்பார்கள். ஒருவருக்கு 10 செக்கன் என்றால் ஒரு வழியால் 45 நிமிடத்தில் 270 பேர்தான் போகலாம், 13 வழிகள் வேண்டும். அதையே 6 செக்கனுக்குக் கொண்டுவந்தால் ஒரு வழியால் 450 பேர், 8 வழிகள் போதும். அந்த 4 செக்கனைக் குறைப்பது விலை கூடிய கருவி அல்ல, முன்னால் நிற்கும் அந்த ஆள்.

பிரித்தானிய அரங்குப் பாதுகாப்பு வழிகாட்டி, இரும்புக் கை உள்ள ஒரு சுழல்வாயிலுக்கு மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்குப் போடக்கூடாது என்கிறது. 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ அரங்கின் ஒரு பக்கத்தில் நின்று பார்க்க ரிக்கெற் எடுத்த 10,100 பேருக்கு இருந்தவை 7 சுழல்வாயில்கள். 660 என்று வைத்தாலும் மணிக்கு 4,620 பேர்தான், எல்லோரும் உள்ளே போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். வெளியே நெரிசல் கூடியதும் வெளியேறும் கதவு ஒன்றைத் திறந்துவிட்டார்கள். நின்று பார்க்கும் இடத்தைக் கம்பிவேலியால் கூண்டு கூண்டாகப் பிரித்திருந்தார்கள், சனம் நேரே ஏற்கனவே நிரம்பியிருந்த நடுக்கூண்டுகளுக்குள் போனது. 97 உயிர்கள் போயின. அங்கே சுழல்வாயிலில் எண்ணும் கருவி இருந்தது. அது அந்தப் பகுதி முழுவதற்குமான தொகையைக் காட்டியதே தவிர, எந்தக் கூண்டுக்குள் எத்தனை பேர் என்று காட்டவில்லை. ஆகவே நாம் கருவி வைத்தாலும் மொத்தத் தொகை மட்டும் போதாது. பவிலியனுக்கு வேறு, திறந்த பக்கத்துக்கு வேறு என்று பிரித்து எண்ண வேண்டும். ஒரு பக்கம் 90 வீதம் நிரம்பியதும் அந்தப் பக்கத்து வாயிலுக்குச் சொல்ல, திரையைப் பார்த்தபடி ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக்கூடாது.

தலைக்கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் கள்ள ரிக்கெற் அல்ல, இலவசமாகப் போகிறவர்கள். தோளில் பிள்ளையோடு போகும் தகப்பனைக் கருவி ஒன்று என்றுதான் எண்ணும். சின்னப் பெடியன்கள் இரும்புக் கைக்குக் கீழால் பூந்து போவார்கள். வீரர்கள், நடுவர்கள், கழக நிர்வாகிகள், பொலிஸார், விருந்தினர் எல்லோரும் பக்கவாசலால் போவார்கள். இவர்கள் எல்லோருக்கும் பூச்சிய ரூபாய் ரிக்கெற் அடியுங்கள். காசு வேண்டாம், குறி வேண்டும். இதைச் செய்யாவிட்டால் திரையில் 4,800 என்று காட்டும்போது உள்ளே எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியாது.

கியூஆர் நமக்குப் புதிதல்ல. 2022 இல் எரிபொருள் வரிசையில் எல்லோரும் பழகினோம். ஓட்டோக்காரர் பலர் அதை அச்சடித்து லமினேட் பண்ணி வைத்திருந்தார்கள். ஆனால் அங்கே ஸ்கான் பண்ணியது பெற்றோல் செற்றில் நின்றவர். வெயிலில் பிளாஸ்ரிக் மினுங்கினால் அவர் போனைச் சரித்துப் பிடித்துச் சமாளித்தார். வாயிலில் பொருத்திய கருவி சரியாது. ஆகவே ரிக்கெற்றை லமினேட் பண்ண வேண்டாம் என்று அதிலேயே அச்சடிக்க வேண்டும். பில் அடிக்கும் வெப்பத்தாளில் அடித்த ரிக்கெற்றைச் சூட்டு லமினேற்றருக்குள் விட்டால் முழுதும் கறுத்துப் போகும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டாலும் அந்தத் தாள் கெடும். சாதாரண வெள்ளைத் தாளில் லேசர் அச்சு நல்லது. குறி 3 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது, சுற்றிவர வெள்ளை இடம் விட வேண்டும், மடிப்பு குறிக்கு மேல் விழாதபடி அமைக்க வேண்டும். குறிக்குள் கழகத்தின் பெயர், திகதி என்று எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம், ஊகிக்க முடியாத ஒரு எண் போதும். விடயம் குறைந்தால் கட்டங்கள் பெரிதாகும், கசங்கிய தாளிலும் படிக்கும்.

போனும் டேட்டாவும் இல்லாதவர்களை வெளியே நிறுத்தும் முறை எனக்கு உடன்பாடில்லை. கடற்றொழிலுக்குப் போய்விட்டு வந்து ஆட்டம் பார்க்கிற ஐயாவுக்குத் தாள் ரிக்கெற்தான் வசதி, அது கடையில் கிடைக்க வேண்டும். 2022 கட்டார் உலகக் கிண்ணத்தில், நவம்பர் 21 இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்துக்கு வந்தவர்கள் சிலருடைய ரிக்கெற் செயலியில் இருந்தே காணாமல் போனது. அவ்வளவு காசு கொட்டிய இடத்திலேயே அப்படி என்றால், நமக்குத் தாள் கட்டாயம்.

நெற்வேர்க்கை நம்ப வேண்டாம். சில ஆயிரம் பேர் ஒரே இடத்தில் போனைத் திறந்தால் சிக்னல் இருக்கும், டேட்டா ஓடாது. எல்லா ரிக்கெற் எண்களும் முதலே கருவிகளுக்குள் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். கருவிகள் தமக்குள் வயரால் இணைந்திருந்தால் போதும், இணையம் தேவையில்லை. அந்த வயரும் அறுந்தால் ஒரே ரிக்கெற்றின் ஸ்கிரீன்ஷொட்டால் இரண்டு வாயிலால் இரண்டு பேர் போகலாம். அதற்கு மருந்து, ஒவ்வொரு ரிக்கெற்றுக்கும் ஒரு வாயிலை ஒதுக்கி அந்த வாயிலின் எழுத்தைப் பெரிதாக அச்சடிப்பது. ரிக்கெற் வாங்கிய சந்தோஷத்தில் படம் எடுத்து முகநூலில் போடுகிறவர்களுக்கும் சொல்லி வையுங்கள், அந்தப் படமே ரிக்கெற். முதலில் காட்டுபவர் உள்ளே, வாங்கியவர் வெளியே.

சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த ஆளோடு அந்த இடத்திலேயே வாதாடக்கூடாது. வரிசைக்கு எதிராகத் திருப்பி அனுப்பவும் கூடாது. பக்கத்தில் ஒரு சின்னக் கதவு, அதற்கு அப்பால் ஒரு மேசை, அங்கே ஒருவர். எந்த வாயிலில், எத்தனை மணிக்கு அந்த எண் பயன்பட்டது என்று திரையில் காட்டி அவர் பேசட்டும். ஒரே போனில் நாலு ரிக்கெற் வைத்திருக்கும் குடும்பமும் சக்கர நாற்காலியில் வருபவரும் ஆள் நிற்கும் அகலமான வழியால் போக வேண்டும். அந்த வழியில் நல்ல பலமான ஆட்கள் வேண்டும். 2021 ஜூலை 11 யூரோ இறுதியாட்டத்தில் ஏறத்தாழ 2,000 பேர் ரிக்கெற் இல்லாமல் லண்டன் வெம்ப்ளி அரங்குக்குள் போனார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான கதவுகளையும் அவசரக் கதவுகளையும்தான் கூட்டமாக உடைத்துக்கொண்டு போனார்கள்.

நம் ஊருக்கே உரிய சில விடயங்கள். இரண்டு பக்கமும் கடல், உப்புக்காற்று. சாதாரண 304 ரக எவர்சில்வர் சுழல்வாயில் சீக்கிரம் தேநீர்க் கறைபோலத் துருப்பிடிக்கும், 316 ரகம் கேளுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் கருவியின் கண்ணாடியில் தூசியும் உப்பும் படியும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியால் துடைக்க வேண்டும். பின்னேர ஆட்டத்துக்குச் சனம் வரும் நேரம் வெயில் மேற்கில் சரிந்திருக்கும். கருவியின் முகம் மேற்குப் பார்த்தால் ஒளி நேரே உள்ளே அடிக்கும், படிக்காது. கிழக்குப் பார்த்து வைத்து மேலே கூரை போடுங்கள். மாரிக்கும் அந்தக் கூரை உதவும்.

கரண்ட் போனால் இரும்புக் கை தானாகக் கீழே விழுந்து வழிவிடும் வகையாக இருக்க வேண்டும், பூட்டிக்கொள்ளும் வகை வேண்டவே வேண்டாம். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டு நாடு முழுவதும் இருண்டது, ஆட்டம் நடக்கும் நேரத்திலும் அப்படி வரலாம். கருவிக்கு பற்றரி தனியாக வையுங்கள். சுழல்வாயிலை வெளியேறும் வழியாக ஒருபோதும் கணக்கில் சேர்க்காதீர்கள். 2022 ஒக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் அரங்கில் 135 பேர் இறந்தார்கள், பலர் ஒடுங்கிய வெளிவாசல்களில் நெரிபட்டு. வெளியேறும் பெரிய கேற்றுகளில் மாங்காய்ப்பூட்டு தொங்கக்கூடாது, ஒவ்வொன்றிலும் திறக்க ஒருவர் ஆட்டம் முடியும்வரை நிற்க வேண்டும்.

முதல் பரீட்சையை இறுதியாட்டத்தில் வைக்காதீர்கள். சாதாரண லீக் ஆட்டம் ஒன்றில் இரண்டு வழிகளை மட்டும் திறந்து, 200 பேரை விட்டு, ஒவ்வொருவருக்கும் எத்தனை செக்கன் என்று கடிகாரத்தோடு குறியுங்கள். இடையில் ஒருமுறை வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்துங்கள், ஒருமுறை வயரைக் கழற்றுங்கள். பிறகு உள்ளே இருப்பவர்களைக் கையால் எண்ணித் திரையில் உள்ள தொகையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால், அடுத்த ஆட்டத்துக்கும் அடிக்கட்டைப் புத்தகத்தையே எடுங்கள்.