விளக்கு வேண்டும், கண் கூசக் கூடாது

பூங்கா நடைபாதைகளில் விளக்கு போடப் போகிறார்கள் என்ற செய்தி மனதுக்கு நிறைவாக இருக்கிறது. இருட்டிவிட்டால் பெண்களும் வயதானவர்களும் அந்தப் பக்கமே போவதில்லையே. ஆனால் பளீரென்ற வெள்ளை எல்இடியை மட்டும் மாட்டிவிடாதீர்கள். கண் கூசும்; விளக்குக்கு அந்தப் பக்கம் ஆள் நின்றாலும் தெரியாது. 3000 கெல்வினுக்கு (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; குறையக் குறைய மஞ்சள், கூடக் கூட நீலம்) மிகாத மஞ்சள் ஒளி போதும், அதுவும் தரையைப் பார்த்து விழ வேண்டும். அந்த வெள்ளை எல்இடி போல நீலம் தூக்கலான வெளிச்சத்தில்தான் பூச்சிகள் அதிகம் மொய்க்கும். அப்புறம், விளக்கு மரக்கிளைக்கு மேலே இருந்தால் வெளிச்சம் இலையிலேயே நின்றுவிடும், பாதையில் திட்டுத் திட்டாக நிழல்தான் விழும். கிளைக்குக் கீழே, சுமார் 4 மீட்டர் உயரத்தில் வைத்தால் எதிரே வருபவர் முகமும் தெரியும், பாதையில் துருத்தி நிற்கும் வேரும் தெரியும். பூங்கா மூடிய பிறகு அணைக்க ஒரு டைமரும் சேர்த்துவிடுங்கள். அங்கே அடையும் பறவைகளுக்கு இருட்டும் தேவை.