காடு பக்கத்தில் இருந்தால் போதுமா?

சுற்றிலும் பசுமை இருந்தால் பிள்ளைகளின் கவனம் கூடும் என்ற கட்டுரையை வாசித்துவிட்டு, 'எங்கட வன்னியில் காட்டுக்கு என்ன குறை' என்று இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியிலிருந்து சிலர் எழுதியிருக்கிறார்கள். அதில் குறிப்பிட்ட பார்சிலோனா ஆய்வைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். 2015இல் வெளிவந்தது. 36 பள்ளிக்கூடங்களில் 2,593 பிள்ளைகளை ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். வீட்டைச் சுற்றியிருந்த பச்சையால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பள்ளிக்கூட வளவிலும் அதைச் சுற்றியும் மரம் செடி இருந்த இடங்களில்தான் பிள்ளைகளின் செயல்படு நினைவாற்றல் (ஒரு விஷயத்தைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்து வேலை செய்யும் திறன்) கூடுதலாக வளர்ந்தது, கவனக்குறைவும் குறைந்தது. இந்தப் பலனில் 20 முதல் 65 வீதம் வரை, வாகனப் புகைக்கரி அங்கே குறைவாக இருந்ததோடு தொடர்புடையது என்றும் கணித்தார்கள்.

இங்கே நிலைமை தலைகீழ். வீட்டில் மா, பலா, வேம்பு எல்லாம் நிற்கும். பள்ளிக்கூடத்திலோ புதுக் கட்டடம் வந்தால் முதலில் விழுவது நிழல் மரம்தான். ஏ9 நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு பஸ், லொறிப் புகை. உள்ளே போனால் கிரவல் வீதியில் டிப்பர் கிளப்பும் புழுதி. இது போதாதென்று, கூட்டிய சருகோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்து வளவு மூலையிலேயே கொளுத்துகிறோம், அதுவும் காலையில், பிள்ளைகள் வந்து சேரும் நேரத்தில்! 2022 டிசம்பரில் காற்று மாசு என்று நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடியபோது வெளிநாட்டிலிருந்து வந்த காற்றைக் குறை சொன்னோம். சரி, அது எங்கள் கையில் இல்லை. குப்பைக்கு நெருப்பு வைப்பதை அடுத்த பெற்றோர் கூட்டத்திலேயே நிறுத்தலாமே. வீதிப் பக்க வேலியோடு வேம்பும் மருதும் நடுவதற்கும் பெரிய செலவில்லை. வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், அவ்வளவுதான்.