எம்ஜிபி ஆயில் பிரஷர்: ஸ்பிரிங்குக்கு வாஷர் வைக்காதீர்கள்

எம்ஜிபி (MGB) என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில், சூடான இன்ஜின் ஐடிலிங்கில் (வண்டி நிற்க இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) ஆயில் பிரஷர் 40 பிஎஸ்ஐக்குக் கீழே காட்டினால் ஆபத்து, ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு வாஷர் வைத்துப் பிரஷரை ஏற்றுங்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. எம்ஜிபியின் ஒர்க்‌ஷாப் மேனுவலில் தொழில்நுட்ப விவரப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்: ஐடிலிங்கில் 10 முதல் 25, ஓட்டத்தில் 50 முதல் 80. சிக்னலில் நிற்கும்போது ஊசி 20-இல் இருந்தால் இன்ஜின் நன்றாகவே இருக்கிறது.

அந்த வால்வு அழுத்தம் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ள மட்டும்தான். சூடான ஐடிலிங்கில் அது மூடியே கிடப்பதால் வாஷர் வைத்தாலும் ஊசி ஏறாது, அப்புறம் காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது பிரஷர் எகிறி ஃபில்டர் சீல் வழியாக ஆயில் பீய்ச்சலாம். ஓட்டத்திலும் குறைவாகக் காட்டினால் முதலில் வேறொரு நல்ல கேஜை மாட்டிப் பாருங்கள், அதிலும் குறைவென்றால் பேரிங், பம்ப் தேய்மானத்தைச் சோதிக்க வேண்டும். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.