'மாற்று' என்ற சொல்லில்தான் எனக்குத் தகராறு

இரண்டு வருடம் முன்பு பெரியப்பாவின் சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இடதுபக்கம் வரிசையாக ஆன்டிபயாடிக் பெயர்கள், நேர் எதிரே ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. 'எஸ்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், 'ஆர்' என்றால் அடங்காது. ஆர், ஆர், ஆர் என்று இறங்கிக்கொண்டே போய், அடியில் அமிக்காசினுக்கு மட்டும் ஓர் எஸ். ஊசியாகப் போட வேண்டியது, சிறுநீரகத்தின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே கொடுக்க வேண்டியது. நல்லவேளை, கேட்டது. அந்த ஒரு எஸ்ஸும் ஆர் ஆகியிருந்தால்?

அன்றிலிருந்து இந்த விஷயமாகக் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்கிறது லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு. பயம் நியாயமானதுதான். ஆனால் "ஆன்டிபயாடிக்குக்கு மாற்று வந்தாச்சு" என்று வாரத்துக்கு ஒரு செய்தி வருகிறதே, அதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. குடும்ப வாட்ஸப் குழுவில் அப்படி ஒன்றைப் பகிர்ந்தேன். உடனே சித்தி, "அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று கேட்டுவிட்டார். தப்பு சித்தியுடையது அல்ல. தமிழில் 'மாற்று' என்றாலே மாற்று மருத்துவம்தானே நினைவுக்கு வருகிறது!

அப்படி 'மாற்று' என்று செய்தியில் அடிபடும் ஃபேஜை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியாவுக்குள் புகுந்து, அதற்குள்ளேயே பெருகி, அதை வெடிக்க வைக்கும் வைரஸ். 1917இல் ஃபெலிக்ஸ் டெரெல் என்ற நுண்ணுயிரியலாளர் இதற்குப் பெயர் வைத்தார். ஆன்டிபயாடிக் வந்ததும் மேற்கு நாடுகள் இதைக் கிட்டத்தட்ட மறந்தே போயின. ஜார்ஜியாவின் திபிலீசியில் 1923இல் தொடங்கிய எலியாவா நிறுவனமோ கைவிடவில்லை. ஆய்வகத் தட்டில் பாக்டீரியா மூச்சுப் பட்ட கண்ணாடி போல மங்கலாகப் படர்ந்திருக்கும். பொருத்தமான ஃபேஜை ஒரு சொட்டு விட்டு மறுநாள் பார்த்தால், அந்த இடம் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி தெளிந்திருக்கும்.

அட, ஆன்டிபயாடிக்கே வேண்டாம் போலிருக்கிறதே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் யேல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு குளத்துத் தண்ணீரில் பிடித்த ஃபேஜைப் பற்றிப் படித்தேன். பெயர் ஓஎம்கேஓ1. சூடோமோனாஸ் என்ற பொல்லாத பாக்டீரியா, தனக்குள் வரும் மருந்தை வெளியே இறைத்துக் கொட்ட ஒரு பம்பு வைத்திருக்கிறது. இந்த ஃபேஜ் அந்தப் பம்பின் வெளிமுனையைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. ஃபேஜிடமிருந்து தப்பப் பம்பைக் கெடுத்துக்கொண்டால், பழைய ஆன்டிபயாடிக் உள்ளே தங்கி வேலையைக் காட்டுகிறது. பம்பை வைத்துக்கொண்டால் ஃபேஜ் பிடித்துக்கொள்கிறது. முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும் என்பார்களே, கிருமிக்கு அந்த நிலை. ஆனால் கவனியுங்கள், ஆன்டிபயாடிக்கும் பக்கத்தில் இருந்தால்தான் இந்தப் பொறியே பொறி.

பெல்ஜியத்திலிருந்து ஒருங்கிணைத்து ஃபேஜ் சிகிச்சை கொடுத்த 100 நோயாளிகளின் விவரம் 2024இல் வெளியானது. சுமார் 77 சதவீதத் தொற்றுகளில் முன்னேற்றம், 61 சதவீதத்தில் குறிவைத்த பாக்டீரியாவே ஒழிந்தது. ஆன்டிபயாடிக் சேர்க்காமல் ஃபேஜ் மட்டும் கொடுத்த இடங்களில் கிருமி ஒழிவதற்கான வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு வைத்து நடத்திய சோதனை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது, முகம் சுளிக்காதீர்கள், மல மாற்று சிகிச்சை. ஆரோக்கியமானவரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களை, சி.டிஃப் என்ற கிருமியால் வயிற்றுப்போக்கு திரும்பத் திரும்ப வருபவரின் குடலுக்குள் செலுத்துவது. 2013இல் வெளியான நெதர்லாந்துச் சோதனையில் 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் குணமானது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் எடுத்த 13 பேரில் குணமானவர்கள் 4 பேர்தான். அபாரம், சரி. ஆனால் அந்த 16 பேருக்கும் முதல் நான்கு நாள் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? அதே வான்கோமைசின்!

சறுக்கல்களும் உண்டு. தீக்காயத் தொற்றுக்காக ஐரோப்பாவில் நடந்த ஃபேகோபர்ன் சோதனையில் 12 ஃபேஜ்களைக் கலந்து புட்டியில் அடைத்தார்கள். காலப்போக்கில் அதன் வீரியம் இறங்கிப்போய், திட்டமிட்டதைவிட மிகக் குறைந்த அளவுதான் காயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வழக்கமான களிம்பே அதைவிட வேகமாக வேலை செய்தது. ஃபேஜை மாத்திரை மாதிரி ஒரே அச்சில் வார்த்து எல்லோருக்கும் விற்க நினைத்தால் இப்படித்தான் ஆகும் என்பது என் எண்ணம்.

பெல்ஜியத்தில் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அந்த நோயாளிக்கென்று ஃபேஜ் கலந்து தர மருந்தாளுநருக்கு வழி இருக்கிறது. என்னைக் கேட்டால் இதை ரத்த வங்கி மாதிரி அரசாங்கம்தான் நடத்த வேண்டும். கம்பெனிகளை நம்ப முடியாது. அகோஜென் என்ற நிறுவனத்தின் புது ஆன்டிபயாடிக்குக்கு 2018 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2019 ஏப்ரலில் நிறுவனம் திவால். சாதாரண ஆன்டிபயாடிக்கின் கதியே இதுவென்றால், ஆளுக்கொரு கலவையை யார் செய்து விற்பார்கள்?

அப்படி ஒரு வங்கி இருந்தாலும் பொருத்தமான ஃபேஜைத் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்து கொடுக்க நாள் பிடிக்கும். பெரியப்பாவின் ரிப்போர்ட் வரவே மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அவரைத் தாங்கிப் பிடித்தது, மருத்துவர் ஒரு குத்துமதிப்பில் ஆரம்பித்த ஆன்டிபயாடிக்தான். சித்திக்கு அன்று இதைத்தான் பதிலாக எழுதினேன்.